உண்ணிக்கு ஊட்டும் தாள்: மென்னுண்ணி ஆய்வகத்தில் பாராஃபிலிம் எம்

பாராஃபிலிம் எம் இல்லாத ஆய்வகத்தைப் பார்ப்பது அரிது. பெட்ரி தட்டின் விளிம்பைச் சுற்றவும் குடுவையின் வாயை மூடவும் எல்லோரும் இதைத்தான் எடுக்கிறார்கள். மெழுகும் பாலிஒலிஃபின் பிளாஸ்டிக்கும் கலந்த படலம், பின்னால் காகிதம். வழக்கமாக வாங்கும் சுருள் 10 செ.மீ. அகலம், ஏறத்தாழ 38 மீட்டர் நீளம், 127 மைக்ரான் தடிமன். மூடி போடுவதற்கென்று செய்த பொருள் இது. மென்னுண்ணி, அதாவது முதுகில் கெட்டி ஓடில்லாத உண்ணி, வளர்ப்பவர்களோ இதை ஆட்டுத்தோலுக்கும் கோழித்தோலுக்கும் மாற்றாக வைத்து, உண்ணிகளுக்கு ரத்தம் ஊட்டுகிறார்கள். இந்த மதிப்புரை அந்த ஒரு வேலையைப் பற்றி மட்டும் பேசுகிறது. மூடியாக எப்படி உழைக்கும் என்பதற்கு இங்கே இடமில்லை.

மதிப்பெண்ணை முதலிலேயே போட்டுவிடலாம். ஆர்னிதோடோரஸ் மௌபாட்டா போன்ற மென்னுண்ணி இனங்களின் வளர்ந்த உண்ணிக்கும் பெரிய நிம்ஃபுக்கும் (லார்வாவுக்கும் வளர்ந்ததற்கும் இடைப்பட்ட இளம் பருவம்) 10க்கு 9. முதல் பருவ நிம்ஃபுக்கு 6, அதுவும் படலத்தை இழுக்கத் தெரிந்த கை இருந்தால். கோழியைக் கடிக்கும் ஆர்காஸ் பெர்சிகஸின் லார்வாவுக்கு 0. முதுகில் கெட்டி ஓடுள்ள வன்னுண்ணியை வளர்ப்பவர்கள் இந்தச் சுருளை ஊட்டும் படலமாக வாங்கவே வேண்டாம்.

ஒரே பொருள் ஒன்றுக்கு 9, இன்னொன்றுக்கு 0 வாங்குவதற்குக் காரணம் உண்ணியின் அவசரம். வன்னுண்ணி தோலில் குத்தியதும் சிமெண்டு போன்ற பசையைச் சுரந்து தன்னை ஒட்டவைத்துக்கொண்டு, நாள்கணக்கில் அங்கேயே கிடந்து குடிக்கும். மென்னுண்ணி அப்படியல்ல. தான் கடிக்கும் விலங்கின் கூட்டிலோ வளையிலோ கொட்டகைச் சுவரின் விரிசலிலோ பகலெல்லாம் ஒளிந்திருக்கும். இரவில் வரும், கால் மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வயிறு முட்டக் குடித்துவிட்டுத் திரும்பிப் போய்விடும். அந்த ஒரு மணி நேரம் கிழியாமலும் ஒழுகாமலும் தாங்கினால் போதும், படலம் தன் வேலையைச் செய்துவிட்டது என்று பொருள். பாராஃபிலிம் அதைத் தாங்கும். நாள்கணக்கில் தாங்காது.

மௌபாட்டாவுக்கு இன்னொரு சலுகையும் உண்டு. அதன் லார்வா எதையும் குடிப்பதில்லை, ரத்தம் பார்க்காமலே தோலுரித்து முதல் நிம்ஃபாகிவிடும். வாழ்க்கையின் மிகச் சிறிய வாயுறுப்புக்குப் படலம் தேடவேண்டிய தொல்லை அங்கேயே தீர்ந்தது. ஆர்காஸ் பெர்சிகஸ் இதற்கு நேர் எதிர். நம்மூர் நாட்டுக்கோழிக் கொட்டகைகளின் மூங்கில் கணுவிலும் சுவர் இடுக்கிலும் கிடப்பது இதுதான். இதன் நிம்ஃபும் வளர்ந்ததும் இரவில் வந்து குடித்துவிட்டு ஓடும். லார்வா மட்டும் கோழியின் இறகடியில் 5 முதல் 10 நாள்வரை ஒட்டிக்கொண்டு கிடக்கும். அந்தப் பருவத்துக்குக் குஞ்சு வேண்டும், பாராஃபிலிமை எவ்வளவு இழுத்தாலும் பலனில்லை. கோழிகளுக்குச் சுருள்கிருமிக் காய்ச்சல் தரும் பொரேலியா அன்செரினாவைப் பரப்பும் உண்ணி என்பதால் இதைப் படிக்க விரும்பும் மாணவர்கள் தமிழ்நாட்டில் உண்டு. வளர்ப்புச் சுற்று முழுவதையும் படலத்திலேயே முடித்துவிடலாம் என்று திட்ட வரைவில் எழுதிவிட்டு விலங்கு நெறிமுறைக் குழுவின் முன் போய் நிற்பதற்கு முன், லார்வா கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது.

சரி, படலத்துக்கு வருவோம். சுருளிலிருந்து வெட்டி அப்படியே கிண்ணத்தின் மேல் போர்த்துவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. 127 மைக்ரான் என்பது சிறிய நிம்ஃபுக்குச் சுவர் மாதிரி. வளர்ந்தவற்றில் சில குத்திவிடும், பாதி சுற்றிச் சுற்றி அலைந்துவிட்டு ஓரத்தில் ஒடுங்கிக்கொள்ளும். இழுத்தே ஆக வேண்டும். 5 செ.மீ. சதுரமாக வெட்டி, காகிதத்தை உரித்து, நான்கு பக்கமும் கொஞ்சங் கொஞ்சமாக இழுத்து 10 செ.மீ. சதுரம் ஆக்கினால் பரப்பு 4 மடங்காகும், தடிமன் 32 மைக்ரான் அளவுக்கு இறங்கும். கணக்கில் அப்படி. நடைமுறையில் விரல் பிடித்த ஓரம் தடித்தே நிற்கும், நடுப்பகுதி கணக்கைவிட மெலியும். உண்ணிக்கு வேண்டியது நடுப்பகுதிதான் என்பதால் இதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

இழுப்பதில் கைப்பழக்கம் உண்டு. ஒரே திசையில் வெடுக்கென்று இழுத்தால் நார் நாராகப் பிரிந்து கோடு விழும். அந்தக் கோட்டின் வழியாகத்தான் பிறகு ரத்தம் கசியும். கட்டைவிரலும் சுட்டுவிரலும் எதிரெதிர் ஓரங்களைப் பிடித்து, அரை செ.மீ. இழுத்து ஒரு நொடி நிறுத்தி, தாளைக் கால் வட்டம் திருப்பி, மறுபடி இழுக்க வேண்டும். மங்கலான வெள்ளை மெல்ல மெல்லத் தெளிந்து கண்ணாடி மாதிரி ஆவது கண்ணுக்கே தெரியும். எங்கேயாவது திட்டாக வெள்ளை நின்றால் அங்கே இன்னும் இழுபடவில்லை. குளிரூட்டிய அறையில் தாள் விறைத்துக்கொண்டு கிழியும். உள்ளங்கைகளுக்கு நடுவே அரை நிமிடம் வைத்துச் சூடாக்கிவிட்டு இழுத்தால் பட்டுப்போல வரும். இழுத்த தாளை ஓரமாக எடுத்துவைத்துப் பிறகு பயன்படுத்தலாம் என்று நினைக்க வேண்டாம். அது மெல்லச் சுருங்கும், தன்மேலேயே மடிந்து ஒட்டிக்கொண்டால் பிரிக்கவும் முடியாது. இழுத்த கையோடு கிண்ணத்தில் போர்த்திவிட வேண்டும்.

இதற்குப் பக்கத்திலேயே வெப்பத்தைச் சொல்லியாக வேண்டும். பாராஃபிலிமின் பெரிய பலவீனம் அதுதான். 50 டிகிரிக்கு மேல் இளகத் தொடங்கி, 60ஐ ஒட்டி உருகிவிடும். உண்ணிக்கு வேண்டியது 37, 38 டிகிரிதானே, இடைவெளி நிறைய இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் அடியில் சூட்டுத் தட்டு வைத்து, கிண்ணம் உலோகமாக இருந்தால், ரத்தம் 37ஐத் தொடுவதற்குள் கிண்ணத்தின் விளிம்பு அதைவிடச் சூடாகிவிடும். இழுத்து 32 மைக்ரான் ஆக்கிய படலம் விளிம்போடு தொடும் இடத்தில்தான் முதலில் தளரும். தளர்ந்தால் தொங்கும், தொங்கினால் ஓரத்தில் மடிப்பு விழும், மடிப்பில் உண்ணி போய் நுழையும். வெப்பமானியைத் தட்டில் வைத்துப் பார்ப்பதால் பயனில்லை. ரத்தத்துக்குள் அதன் முனை இருக்க வேண்டும். தட்டின் முகப்பு 37 என்று காட்டும்போது ரத்தத்தின் மேற்பரப்பு 33இல் நிற்பதும் உண்டு, தட்டு 45இல் இருக்கும்போது ரத்தம் 37இல் இருப்பதும் உண்டு. கிண்ணத்துக்குக் கிண்ணம் மாறும். ஒவ்வொரு கிண்ணத்துக்கும் ஒருமுறை தண்ணீர் வைத்து அளந்து, தட்டின் எண்ணைக் கிண்ணத்திலேயே எழுதி ஒட்டிவிட்டால் அதன்பின் தலைவலி இல்லை.

சுவருக்குள் வெந்நீர் ஓடும் கண்ணாடி ஊட்டுக்குழல் இருந்தால் இந்தத் தொல்லை பாதியாகக் குறையும். நீர்த்தொட்டியின் சூடு மெல்ல ஏறும், மெல்ல இறங்கும். நடுவில் கரண்ட் போனாலும் சிறிது நேரம் தாங்கும். ஆனால் அந்தக் குழலை மேலிருந்து கீழ்நோக்கித் தொங்கவிட்டு, உண்ணிகளைக் கீழே கோப்பையில் வைக்கும் ஏற்பாடு மென்னுண்ணிக்குச் சரிப்படாது. வளர்ந்த மென்னுண்ணியின் கால்நுனியில் ஒட்டும் மெத்தை கிடையாது. வன்னுண்ணி கண்ணாடிச் சுவரில் சரசரவென்று ஏறும். மௌபாட்டா வழுக்கி வழுக்கி விழும். கோப்பைக்குள் மடித்த வடிதாளோ வலைத்துணியோ வைத்து ஏணி போட்டுக்கொடுத்தால்தான் படலத்தை எட்டும். கொசுவுக்கென்று செய்த ஹெமோடெக் போன்ற மின்சூட்டு ஊட்டிகளிலும் இதே சிக்கல்தான். படலம் கீழ்நோக்கி இருக்கும்படி வடிவமைத்தவை அவை. கொசு வலைக்குள்ளிருந்து பறந்துபோய் உட்காரும், உண்ணி பறக்காது. கொசுவுக்காக ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கும் ஆய்வகம் ஏணி கட்டிப் பயன்படுத்தலாம். மென்னுண்ணிக்கென்று புதிதாக அந்தச் செலவு செய்வது வீண்.

கீழே ரத்தம், நடுவில் படலம், மேலே உண்ணி என்ற ஏற்பாடே நல்லது. மென்னுண்ணியின் வாயுறுப்பு உடலின் அடிப்பக்கத்தில் இருக்கிறது. மேலிருந்து பார்த்தால் தலையே தெரியாது, தோல்பை நடந்து போவது மாதிரி இருக்கும். படலத்தின் மேல் விட்டால் நின்ற இடத்திலேயே குனிந்து குத்தும். கால் வழுக்குவது இங்கே நமக்கு உதவி: சுற்றிலும் வழுவழுப்பான பிளாஸ்டிக் உருளையை நிறுத்தினால் ஏறித் தப்பாது. 50 மி.லி. மையவிலக்குக் குழாயின் இரு முனைகளையும் அறுத்தெடுத்தால் அதுவே போதும். அறுத்த விளிம்பைத் தேய்த்து மழுக்காமல் வைத்தால் படலத்தைக் கீறிவிடும். உருளையின் வாயில் மெல்லிய வலைத்துணி கட்டுவதை விட்டுவிடக் கூடாது. லார்வாக்களுக்கு இந்த வழுக்கல் விதி பொருந்தாது, ஆர்காஸ் லார்வா ஏறிவிடும்.

நிரப்பும் முறையில் ஒரு நுட்பம் இருக்கிறது. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த ரத்தத்தை அப்படியே ஊற்றி மூடிச் சூடாக்கினால், அதில் கரைந்திருந்த காற்று சூட்டில் வெளியேறிப் படலத்தின் அடியில் குமிழியாகத் திரளும். குமிழி நிற்கும் இடத்தில் ரத்தம் படலத்தைத் தொடாது, அங்கே சூடும் வராது. அந்த இடத்தில் விழுந்த உண்ணி குத்தினாலும் காற்றைத்தான் உறிஞ்ச வேண்டும். ஆகவே ரத்தத்தைத் தனிக்குழாயில் முதலில் 37 டிகிரிக்கு ஏற்றி, ஓரிரு முறை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்தி, நுரை அடங்கியபின் ஊற்ற வேண்டும். குலுக்கினால் சிவப்பணு உடையும். 4 செ.மீ. விட்டம், 1 செ.மீ. ஆழம் உள்ள கிண்ணத்துக்கு சுமார் 13 மி.லி. பிடிக்கும். விளிம்புவரை ஊற்றி, மேற்பரப்பு சற்றே குவிந்து நிற்கும்போது, இழுத்த படலத்தை ஒரு பக்கத்திலிருந்து தொடங்கிச் சாய்த்துப் போர்த்திக்கொண்டே போனால் மிகுதி ரத்தமும் காற்றும் மறுபக்கம் வழிந்துவிடும். அடியில் தட்டு வைக்காமல் இதைச் செய்தால் மேசையைக் கழுவ அரை மணி நேரம் போகும். போர்த்தியதும் விளிம்புக்குக் கீழே ரப்பர் வளையம் மாட்டி, வெளிப்புறத்தை ஈரத்துணியால் துடைத்து, வெள்ளை டிஷ்யூ தாளைப் படலத்தின் மேல் பத்து நொடி வைத்து எடுத்துப் பார்க்க வேண்டும். சிவப்புப் புள்ளி தெரிந்தால் அந்தத் தாளைக் கழற்றிவிட்டு வேறு போடுவதே புத்திசாலித்தனம். மேலே இன்னொரு துண்டை ஒட்டிச் சமாளிக்கலாம் என்று சிலர் செய்வார்கள். இரட்டைத் தடிமனில் பல உண்ணி குத்தாது.

ரத்தம் எது என்பது தனிக் கட்டுரைக்குரிய விஷயம், படலத்தோடு தொடர்புள்ளதை மட்டும் சொல்லலாம். கண்ணாடி மணிகளோடு சுழற்றி, ரத்தத்தை உறையவைக்கும் நார்ப்புரதமான ஃபைப்ரினை நீக்கிய ரத்தமோ உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் கலந்ததோ நல்லது. இன்னோர் உறைதடுப்பியான இடிடிஏ கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், தொடர் வளர்ப்புக்கு அதைத் தவிர்ப்பது மேல். ஃபைப்ரின் சரியாக நீங்காத ரத்தத்தில் சிறு கட்டிகள் மிதந்து படலத்தின் அடியில் ஒட்டும். மேலிருந்து பார்த்தால் கருஞ்சிவப்புத் திட்டாகத் தெரியும், அங்கே குத்திய உண்ணி பாதியில் விட்டுவிடும். மெல்லிய துணியில் வடிகட்டி ஊற்றினால் இது வராது. நாள்கணக்கில் ஊட்டும் வன்னுண்ணி வேலையில் ரத்தம் கெடாமலிருக்க நுண்ணுயிர்க்கொல்லி கலப்பது வழக்கம். ஒரு மணி நேர வேலைக்கு அது தேவையில்லை. தேவையில்லை என்பதோடு முடியவில்லை, கலந்தால் கெடுதலும் உண்டு. மென்னுண்ணி ரத்தத்தை மட்டுமே உண்டு வாழ்வதால் அதில் கிடைக்காத பி வைட்டமின்களைத் தன் உடலில் குடியிருக்கும் பாக்டீரியாவிடமிருந்து பெறுகிறது. மௌபாட்டாவில் அது ஃபிரான்சிசெல்லா வகை. ஒலிவியே துரோன் குழு 2018இல் வெளியிட்ட ஆய்வில் மருந்தால் அந்தப் பாக்டீரியாவை நீக்கியபோது உண்ணிகளின் வளர்ச்சியும் தோலுரிப்பும் குலைந்தன; பி வைட்டமின்களைச் சேர்த்துக் கொடுத்தபோது தேறின. அப்படிப்பட்ட ஆய்வுக்குச் செயற்கை ஊட்டல்தான் வழி. உயிருள்ள விலங்கின் ரத்தத்தில் இன்ன மருந்து இன்ன அளவு, இன்ன வைட்டமின் இன்ன அளவு என்று நாம் விரும்பியபடி கலக்க முடியாது, கிண்ணத்தில் முடியும். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வைரஸை உண்ணிக்கு அளந்து கொடுப்பதற்கும் இதே வசதிதான் காரணம்.

பாராஃபிலிமுக்கு எதிரான பொதுவான புகார், உண்ணி அதைத் தோலாக மதிப்பதில்லை என்பது. புதுத்தாளில் மெழுகு வாடை உண்டு, உண்மைதான். உண்ணி வழக்கமாகக் கடிக்கும் விலங்கின் மயிராலோ பறவையின் இறகாலோ படலத்தின் மேற்புறத்தை மெல்லத் தேய்த்துவிட்டால் தயக்கம் குறையும். ஆனால் முக்கால்வாசி நேரம் குற்றம் படலத்தின் மேல் இல்லை. ஒன்று, உண்ணி பசியாக இல்லை. தோலுரித்த சில நாளிலேயே கொண்டுவந்து விட்டால் குத்தாது. தோல் இறுகி, இரண்டு மூன்று வாரம் பட்டினி கிடந்திருக்க வேண்டும். இரண்டு, வெளிச்சம். இருட்டில் உண்ணும் உயிரைக் குழல்விளக்கின் அடியில் வைத்துவிட்டுக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தால் என்ன செய்யும்? கறுப்புத் துணி போர்த்திவிட வேண்டும். மூன்று, மேற்பரப்புச் சூடு போதவில்லை. இந்த மூன்றையும் சரிசெய்தபின்னும் குத்தாவிட்டால்தான் ருசியைப் பற்றி யோசிக்க வேண்டும். ருசி என்பது விளையாட்டுக்குச் சொல்வதல்ல. உயிரணுக்களில் இருக்கும் குளுட்டதயோன் என்ற சிறு மூலக்கூறு மென்னுண்ணியைக் குடிக்கத் தூண்டுகிறது என்று ரேச்சல் காலுனும் கிண்ட்லரும் 1965இலேயே ஆர்னிதோடோரஸ் தோலோசானியில் காட்டிவிட்டார்கள். முழு ரத்தத்தில் சிவப்பணுவுக்குள் அது இருக்கிறது. அதனால் முழு ரத்தம் ஊட்டும்போது எதையும் கலக்க வேண்டியதில்லை. ரத்தமில்லாத உப்புக் கரைசலை ஊட்டி எச்சில் சேகரிக்கப் போகிறவர்களுக்குத்தான் தூண்டுபொருள் வேண்டும்.

எச்சில் என்றதும் ஒன்று. மௌபாட்டாவின் எச்சிலைத் தேடி மருந்தாய்வாளர்கள் வருவது சும்மா இல்லை. ரத்த உறைவின் பத்தாம் காரணியைத் தடுக்கும், 60 அமினோ அமிலமே நீளமுள்ள புரதம் 1990இல் இந்த உண்ணியிலிருந்துதான் வெளிவந்தது. நோயெதிர்ப்புக்கு உதவும் ரத்தப் புரதத் தொகுதியான நிரப்பமண்டலத்தின் சி5 புரதத்தைத் தடுக்கும் இன்னொன்று நோமகோபான் என்ற பெயரில் மனிதச் சோதனைகள்வரை போயிருக்கிறது.

குடிக்கத் தொடங்கிய உண்ணியைக் கவனித்தால் படலத்தின் அடுத்த பிரச்சினை புரியும். முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் நடக்காதது போலிருக்கும். பிறகு முதுகின் சுருக்கங்கள் ஒவ்வொன்றாக நிமிரும், ஓரம் உருளும், பழுப்புத் தோலின் அடியில் கருஞ்சிவப்பு பரவும். முழுதாக உப்பும் தறுவாயில் முதல் காலுக்கும் இரண்டாம் காலுக்கும் இடையே பளபளவென்று ஒரு துளி திரளும். தெளிந்த நீர். ரத்தத்தில் தனக்கு வேண்டாத நீரையும் உப்பையும் கால்மூட்டுச் சுரப்பி வழியாக வெளியே தள்ளுகிறது. சில இனங்கள் குடிக்கும்போதே, சில குடித்து முடித்தபின். பத்து உண்ணி சேர்ந்து இதைச் செய்தால் படலத்தின் மேல் குளம் கட்டிவிடும். பாராஃபிலிம் ஒரு சொட்டும் உறிஞ்சாது. நீர் புகக்கூடாது என்பதற்காகவே செய்த பொருளிடம் வேறென்ன எதிர்பார்ப்பது? உயிருள்ள தோலில் மயிரும் அழுக்கும் ஈரத்தை வாங்கிக்கொள்ளும், இங்கே சிறிய நிம்ஃபுகள் அந்தக் குளத்தில் கால் ஒட்டிக் கவிழ்ந்து கிடக்கும். உருளையின் உள்சுவரை ஒட்டி வடிதாள் கீற்றை வட்டமாக நிறுத்தினால் நீரை இழுத்துக்கொள்ளும். பெரியவற்றையும் சின்னவற்றையும் ஒரே கிண்ணத்தில் விடாமலிருப்பதும் இதற்காகத்தான். மேலே சொன்ன அளவுக் கிண்ணத்தில், உருளைக்குள் வளர்ந்தவை 10க்கு மேல் வேண்டாம்.

இந்த நீரைக் கையால் தொடக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். விட்டு விட்டுத் திரும்ப வரும் மறுகாய்ச்சலின் கிருமியான பொரேலியா டட்டோனி எச்சிலில் மட்டுமல்ல, இந்த நீரிலும் வரும். அந்தக் கிருமிக்குத் தன் பெயரைக் கொடுத்த ஜோசப் எவரெட் டட்டன் 1905இல் காங்கோவில் அதே நோயை ஆராயப் போய் அதே நோயால் இறந்தார். தொற்றில்லாத வளர்ப்பு என்று சொல்லிக் கொடுத்தாலும் கையுறை போட்டுக்கொள்வதில் குறைந்துவிடப் போவது எதுவும் இல்லை.

எடை பார்ப்பவர்களுக்கும் இந்த நீர் குழப்பம் தரும். குடிப்பதற்கு முன்னும் பின்னும் நிறுத்து, கழித்து, இவ்வளவு ரத்தம் குடித்தது என்று எழுதினால் உண்மையைவிடக் குறைவாகவே வரும், வெளியேறிய நீர் கணக்கில் இல்லை. உடனே நிறுத்தவற்றையும் மறுநாள் நிறுத்தவற்றையும் ஒரே அட்டவணையில் போட்டால் இன்னும் மோசம். எல்லாவற்றையும் இறங்கிய பிறகு ஒரே கால இடைவெளியில், மேலே ஒட்டிய ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டு நிறுக்க வேண்டும்.

இனி, பாராஃபிலிம் தோற்கும் இடம். சிலிக்கோன் படலத்தில் உண்ணி வாயை எடுத்ததும் துளை தானாக இறுகி மூடிக்கொள்ளும். லென்ஸ் துடைக்கும் தாளில் சிலிக்கோன் தடவி, ஆறு குழித் தட்டில் வைத்து இக்சோடிஸ் ரிசினஸ் வன்னுண்ணியை நாள்கணக்கில் ஊட்டும் முறை 2007இல் குரோபரும் கெரினும் வெளியிட்ட பின் பரவியதற்கு அந்த மீள்தன்மை பெரிய காரணம். பாராஃபிலிமுக்கு அது இல்லை. குத்திய துளை துளையாகவே நிற்கும். ரத்தம் மேலேயும் உண்ணி கீழேயும் இருக்கும் ஏற்பாட்டில், முதல் உண்ணி கழன்றதுமே அந்தத் துளை வழியாகச் சொட்டத் தொடங்கி, இன்னும் குடித்துக்கொண்டிருப்பவற்றை நனைத்துவிடும். ரத்தம் கீழே இருந்தால் தள்ளும் எடை இல்லை, துளையில் ஒரு சிவப்புப் புள்ளி நிற்கும், அவ்வளவுதான். கிண்ணத்தையோ உருளையையோ அழுத்தாதவரை அது வழியாது. ஆகவே உருளையைப் படலத்தின் மேல் சும்மா நிறுத்திவைக்காமல் தாங்கியில் கவ்வி, படலத்தைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்படி இறக்குவது நல்லது. இடைவெளி உண்ணி நுழையாத அளவுக்குச் சிறிதாக இருக்க வேண்டும், முதல் நிம்ஃபுக்கு அப்படி ஓர் இடைவெளியே வைக்க முடியாது. 6 மதிப்பெண்ணுக்கு இதுவும் ஒரு காரணம். அந்தப் பருவத்துக்கு வேறொரு வழி உண்டு: உருளையின் அடி விளிம்பிலேயே படலத்தை இழுத்துக் கட்டி, உண்ணிகளை உள்ளே விட்டு, உருளையையே ரத்தக் கிண்ணத்தில் இறக்குவது. இறக்கும்போது சாய்த்து இறக்கினால்தான் அடியில் காற்று சிக்காது.

குடித்து முடிக்காத உண்ணியை இடுக்கியால் பிடுங்குவதற்கு அவசியமே இல்லை. சிமெண்டுப் பசை இல்லாததால் தானே கழன்று நகரும். ஒன்றரை மணி நேரத்துக்குப் பிறகும் ஒட்டியிருந்தால் சூட்டை நிறுத்திவிட்டால் போதும். இடுக்கி முனை படலத்தில் பட்டால் கிழிசல்தான், மென்முனை இடுக்கியாக இருந்தாலும். எடுத்த உண்ணிகளை உலர்ந்த டிஷ்யூவில் உருட்டி, துளையிட்ட குழாயில் போட்டு, 28 டிகிரியில், ஈரப்பதம் 85 சதவீதத்தை ஒட்டி இருக்கும் பெட்டியில் வைக்கலாம். அடியில் பொட்டாசியம் குளோரைடின் தெவிட்டிய கரைசல் வைத்த மூடிய பெட்டியில் ஈரப்பதம் ஏறத்தாழ அந்த அளவிலேயே நிற்கும். உப்புக் கட்டி கொஞ்சம் கரையாமல் அடியில் கிடப்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். எல்லாம் கரைந்துவிட்டால் அது தெவிட்டிய கரைசல் அல்ல.

எண்ணி விட்டு எண்ணி எடுக்க வேண்டும். மென்னுண்ணி தொட்டதும் காலை மடக்கிக்கொண்டு மண்கட்டி மாதிரி கிடக்கும். கறுப்பு மேசையில் ஒன்று குறைந்தால் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் உயிர் போகும். வெள்ளைத் தட்டின் மேல், தட்டின் விளிம்பில் இருபுறமும் ஒட்டும் நாடாவைச் சுற்றி வேலை செய்தால் போதும். தப்பியது பட்டினியால் சாகட்டும் என்று விட்டுவிடக் கூடாத உயிர் இது. 1976இல் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஆர்காஸ் புரும்ப்டி உண்ணிகளை வளர்த்த ஜூலியன் ஷெப்பர்ட், அவை எட்டு ஆண்டு உணவில்லாமல் இருந்ததையும் குறைந்தது 27 ஆண்டு வாழ்ந்ததையும் பதிவு செய்திருக்கிறார்.

வாங்குவதைப் பற்றி. 5 செ.மீ. அகலச் சுருளும் கிடைக்கிறது, 10 செ.மீ. அகலமே வாங்கலாம். 5 செ.மீ. சதுரங்களாக வெட்டினால் ஒரு சுருளில் 1,500 துண்டுக்குமேல் வரும், நடுத்தர வளர்ப்புக்குப் பல ஆண்டுக்கான இருப்பு. செலவு ஒரு பொருட்டே இல்லை. மீதியை மற்றவர்கள் குடுவை மூட எடுத்துத் தீர்த்துவிடாமல் பூட்டி வைப்பதுதான் கடினம். அதே தோற்றத்தில் மலிவான படலங்களும் சந்தையில் உண்டு. குடுவை மூட அவை போதும், இரு திசையிலும் இரண்டு மடங்கு சீராக இழுபடுகிறதா என்று ஒரு துண்டை இழுத்துப் பார்க்காமல் உண்ணிக்கு வாங்க வேண்டாம். சுருளை அடுப்புக்கோ ஜன்னல் வெயிலுக்கோ பக்கத்தில் வைத்தால் காகிதத்தோடு ஒட்டிக்கொண்டு உரிக்கவே வராது. மேசை இழுப்பறையின் அடித்தட்டில், உறை மாட்டி வைத்தால் நன்றாக இருக்கும். கடையில் வாங்கும்போது வெளிவட்டம் மஞ்சளித்து, நொறுங்கலாக இருந்தால் பழைய சரக்கு. காகிதத்தை ஒட்டியிருக்கும் பக்கம்தான் சுத்தமானது, அதையே ரத்தம் படும்படி போர்த்த வேண்டும். ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவிக் கலனில்) போட்டுக் கிருமி நீக்கலாம் என்ற யோசனை வந்தால் கைவிடவும், உள்ளே போனது படலமாகத் திரும்பி வராது. மேற்பரப்பை 70 சதவீத எத்தனாலால் துடைத்து முழுக்க உலரவிட்டால் போதும். ஈரம் இருக்கும்போதே உண்ணியை விட்டால் அது குத்தாது.

ஒருமுறை பயன்படுத்திய படலம் அடுத்த கிண்ணத்துக்கு ஆகாது. ரத்தமும் எச்சிலும் கால்நீரும் படிந்த அந்தத் துண்டை உருட்டிக் குப்பையில் போடாமல், விரித்தபடியே 1 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டில் அரை மணி நேரம் மூழ்கவைக்க வேண்டும். உருட்டினால் தன்மேலேயே ஒட்டிக்கொள்ளும், மடிப்புக்குள் கரைசல் போகாது. சில நேரம் அந்த மடிப்புக்குள்தான் கணக்கில் குறைந்த அந்த ஒரு நிம்ஃபும் இருக்கும்.